கமர் ஜஹானின் காயச் சட்டம்

கமர் ஜஹானுக்கு இடது கைச் சுண்டுவிரல் நேராக நிற்காது. உள்பக்கம் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். கல்யாணமான புதிதில், ஆணத்தில் உப்பு கூடிப்போனதென்று ஜகபர் அலி அந்த விரலைப் பிடித்துப் பின்னால் மடித்தான். குச்சி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. கட்டுப் போட ஆள் வரும்வரை அவள் அடுப்படியில் உட்கார்ந்து மற்ற கையால் சோறு வடித்தாள்.

நான் அடுத்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஜகபர் அலி எனக்கு அன்னியன் இல்லை. என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை ரோஷன் பீ. அந்தச் சின்னம்மா பெற்ற மூன்று ஆண்பிள்ளைகளில் நடுப்பிள்ளை அவன். மூத்தவன் அப்துல் சுக்கூர் செஞ்சிக் கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருந்தான். கடைசி ரியாசுதீனுக்கு வாடகை சைக்கிள் கடை. ரோஷன் பீயின் புருஷன் காலமான பிறகு மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சுக்கூரின் பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பாதவள், அது வேறு கதை. ரியாசுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆக, அந்த வீட்டில் ஆக்கிப் போட ஒரே மருமகள் கமர் ஜஹான்.

அவளுடைய அத்தா அவலூர்பேட்டைச் சந்தையில் வளையல் கடை போட்டவர். மகளைக் கட்டிக்கொடுத்த மறு வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். தாயார் முன்பே இல்லை. அண்ணன் தம்பியும் கிடையாது. ‘ஏன்டா அடிக்கிறாய்’ என்று வந்து கேட்க அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆண் நாதி இல்லை. அது ஜகபர் அலிக்கு நன்றாகத் தெரியும்.

வீடு சின்னது. முன்கூடம், அதைத் தாண்டி ஒரு வாசல், வாசலில் பூப்போட்ட திரை, உள்ளே அடுப்படியும் முற்றமும். உள்ளே அடி விழுந்தால் முன்கூடத்தில் எண்ணலாம். சுக்கூர் எண்ணமாட்டான். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பான். ரியாஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஜார் பக்கம் போவான். ரோஷன் பீ தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, “புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்” என்பாள். ஊரெல்லாம் அப்படித்தான் சொன்னது.

பிறகு அவன் ஜித்தாவுக்கு டிரைவர் வேலைக்குப் போனான். எண்பத்து மூன்றில் லீவில் வந்தபோது டேப் ரிக்கார்டர், கம்பளி, அத்தர் இவற்றோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தான். அவன் வேலை பார்த்த கம்பெனிக் குடியிருப்பில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன விளையாட்டுச் சாமான். மூடியைத் திறந்தால் கண் கூசும். கல்தரை மாதிரி அச்சடித்த அட்டைத் துண்டுகள், சுண்டுவிரல் உயரத்தில் வாளும் கேடயமும் பிடித்த ஈய ஆட்கள், பேய்கள், பூதங்கள், கதவுகள், படிக்கட்டுகள், ஆயுதம் வரைந்த சீட்டுகள், எட்டு முகம், பன்னிரண்டு முகம் என்று வகை வகையாய்ப் பகடைகள். இருபது முகம் உள்ளது ஒன்று. அது நெல்லிக்காய் அளவில் உருண்டையாக இருந்ததால் அந்த வீட்டில் அதற்கு நெல்லிக்காய் என்றே பெயர் நிலைத்தது. கூடவே இங்கிலீஷில் ஒரு தடித்த சட்டப் புத்தகம். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பெட்டி பரணுக்குப் போனது, ஜகபர் அலி ஜித்தாவுக்குப் போனான்.

அந்த வருஷ அடைமழையில் சுக்கூர் மொபெட்டோடு சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். புத்தூர்க் கட்டுப் போட்டுக் கூடத்தில் கிடந்தான். ஓயாமல் கத்திப் பழகிய கறிக்கடைக்காரன் சும்மா கிடந்தால் வீடு தாங்குமா? “எதனா எடுத்துப் போடுடா, பைத்தியம் புடிக்குது” என்று தம்பியைப் பிடுங்கினான். ரியாஸ் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். பத்தாவதை இரண்டு தரம் எழுதியவன். எழுத்துக் கூட்டி வாசிப்பான். சுக்கூரைப் பார்க்க வந்த கன்னியப்பனும் உட்கார்ந்துவிட்டார். கன்னியப்பன் கல் உடைக்கிறவர், சுக்கூரோடு சின்ன வயதிலிருந்து சிநேகம். அவர் கையில் அந்த ஈய ஆள் எறும்பு மாதிரி இருந்தது.

விளையாட்டு இதுதான். ஆளுக்கு ஒரு வீரன். வீரனுக்கு ஒரு பெயர், ஒரு குணம். ஒருவர் மட்டும் ஆடாமல் உட்கார்ந்து கோட்டையை நடத்தவேண்டும். எந்தக் கதவுக்குப் பின்னால் எவன் ஒளிந்திருக்கிறான் என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஆடுகிறவர்கள், “நான் கதவை உடைக்கிறேன்”, “நான் ஒளிந்துகொள்கிறேன்” என்று வாயால் சொல்லுவார்கள். பகடை உருளும். பெரிய எண் விழுந்தால் வெட்டு, சின்ன எண் விழுந்தால் வெட்டுப்படல்.

நடத்துகிறவர் யார் என்பதில்தான் சண்டை. ரியாஸ் நடத்தினால் அவனே ஆடவும் ஆடினான். சுக்கூர் நடத்தினால் தன் ஆளைக் கொல்லவேமாட்டான். மூன்று பேரும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து டீயை நீட்டிய கமர் ஜஹான், “அந்தப் பொட்டிய இந்தாண்ட தள்ளுங்க. நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

திரை அப்படியே உதவியாய்ப் போனது. வெளி ஆண்பிள்ளை இருக்கிறார் என்று அவள் முக்காட்டோடு திரைக்கு அந்தப் பக்கம் உட்காருவாள். மறைக்க வேண்டியதெல்லாம் அவள் பக்கம் இருக்கும். வாசற்படியின் மேல் அட்டைக் கோட்டை. திரைக்கு அடியிலிருந்து அவள் கை மட்டும் வெளியே வரும். பூதத்தை வைக்கும், ஆளை எடுத்துக்கொண்டு போகும். அவள் எட்டாவது வரை படித்தவள். ரியாஸ் புத்தகத்தில் வாசித்துச் சொன்னதை ஒரு தரம் கேட்டால் போதும், மறக்கமாட்டாள். வாசிக்க முடியாமல் அவன் தாண்டிப்போன இடங்களுக்கு அவளே சட்டம் போட்டாள்.

பெட்டியோடு வந்த கோட்டை ஒரு மாதத்தில் தீர்ந்துபோயிற்று. எல்லா அறையும் தெரிந்துவிட்டது. “அவ்ளோதானா?” என்று சுக்கூர் முகத்தைத் தொங்கப்போட்டான்.

“வெள்ளக்காரன் கோட்ட தீந்தா இன்னா, நம்ம கோட்ட இல்லையா?” என்றாள் கமர்.

பக்ரீத் முடிந்த மறுநாள் குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டைக்குப் போய்ச் சோறு தின்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் எல்லோரும் நிழலில் படுத்திருக்க, அவள் மட்டும் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். பார்க்காத இடங்களைக் கன்னியப்பனிடம் கேட்டாள். “ராஜகிரிக்கு மேல போற பாலத்துக்குக் கீழ பள்ளம் எவ்ளோ ஆழம்ணே?” “விழுந்தா பொறுக்கத்தான் தங்கச்சி ஆவும்.” பழைய காலண்டர் அட்டை, செருப்புப் பெட்டி, மாத்திரை டப்பா இவற்றை வெட்டி ஒட்டி ராஜகிரி, கிருஷ்ணகிரி, கல்யாண மகால், களஞ்சியம், யானைக் குளம் எல்லாம் செய்தாள். தீக்குச்சியில் ஏணி. சோடா மூடியில் கேடயம். பகைவர் படைக்கு ஈய ஆள் போதவில்லை என்று புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வரிசையில் நிறுத்தினாள். கறிக்கடைக் கொம்புத் துண்டுகளில் பீரங்கி. சிகரெட் அட்டையில் ஆயுதச் சீட்டு. ஒரு வருஷத்தில், பெட்டியில் வந்ததைவிட அவள் செய்துபோட்டதே அதிகம்.

சட்டங்களும் அப்படித்தான். காயத்துக்கு வெறும் எண் எழுதி வைப்பது புத்தகத்தின் வழக்கம். சுக்கூருக்கு அது பிடிக்கவில்லை. “வெட்டு எங்க விழுந்துதுன்னு சொல்லணும். தொடைல உள்பக்கம் விழுந்தா அந்தாண்ட இந்தாண்ட நகர முடியாது, ரத்தம் குழாயா ஊத்தும். முட்டில விழுந்தா சாவ மாட்டான், நொண்டுவான். கழுத்துன்னா அதோட முடிஞ்சிது. தெனம் அறுக்கிறவனுக்குத் தெரியாதா?” அவள் அதையெல்லாம் சட்டமாக்கினாள். தன் பங்குக்கு ஒன்றும் சேர்த்தாள். வீரனுக்கு எங்கே காயமோ அங்கே ஆடுகிறவனுக்கும் கட்டு. வீரனுக்குக் கை போனால் ஆடுகிறவன் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உருட்டவேண்டும். கண் போனால் ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். செத்தவன் செத்தவன்தான். அவனை எடுத்து ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு மூடிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பாடும் முடிந்தால் ஆட்டம். அந்தக் கூடத்தில் நான் கேட்ட பேச்சை வெளியே சொன்னால் போலீஸ் வரும்.

“உன் ஆளு ஏணில நடுப்பாதி ஏறிட்டான் கன்னியப்பண்ணே. மேலருந்து கொதிக்கிற எண்ணெய ஊத்துறானுங்க. உருட்டு.”

கன்னியப்பன் உருட்டினார். சின்ன எண்.

“தோளும் கழுத்தும் வெந்துது. தோலு சட்ட மாதிரி கழண்டு வருது. எடது கைய பின்னால கட்டிக்க.”

“ஐயோ, தாண்டவராயா!” என்பார் கன்னியப்பன். அவருடைய நைனாவின் பெயர் தாண்டவராயன். வீரனுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார். “வுட மாட்டேன் தங்கச்சி. ஒத்தக் கையில ஏறுவேன். மேல நிக்கிறவன் குடல உருவி ஏணிக்குக் கயிறா கட்டுறேன் பாரு.”

“மொதல்ல ஏறு, அப்பால உருவு” என்பான் சுக்கூர். அவன் வீரன் பெயர் சிங்கம். ரியாசின் வீரன் மின்னல். எப்போதும் முதலில் ஓடிப்போய் எப்போதும் முதலில் வெட்டுப்படுவான்.

இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. மூன்று வீரர்களும் சாகவில்லை. சிங்கத்துக்கு ஒரு காது போயிருந்தது. தாண்டவராயனுக்கு முதுகெல்லாம் தழும்பு. அவர்கள் உடம்பில் இருந்த ஒவ்வொரு வெட்டும் எந்த வாசலில் விழுந்ததென்று மூன்று ஆண்களுக்கும் மனப்பாடம். சுக்கூர் கறி வெட்டிக்கொண்டே வாடிக்கைக்காரர்களிடம் சிங்கத்தின் சங்கதியைச் சொல்லுவான்.

எண்பத்தாறில் ஜகபர் அலியின் கம்பெனியை மூடிவிட்டார்கள். பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தான். வேலை இல்லை. பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் குறை. முதல் வெள்ளிக்கிழமை கூடத்துக்கு வந்து பார்த்தான். அண்ணன், தம்பி, கல் உடைக்கிறவர் மூன்று பேரும் அவன் பெண்டாட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் “நில்லு” என்றால் நின்றார்கள்.

“என் பொட்டி, என் பொண்டாட்டி. எனக்கும் ஒரு ஆளு குடுங்கடா” என்று உள்ளதிலேயே பெரிய ஈய வீரனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அன்றைக்கு ராஜகிரி உச்சிக்கு முன்னால் உள்ள பள்ளம். பகைவர்கள் மரப்பாலத்தை இழுத்துவிட்டார்கள். மற்ற மூவரும் ஏணி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாத்துக்கு ஏணி? என் ஆளு தாண்டுவான்” என்றான் ஜகபர்.

“பள்ளம் பெருசு. பதினெட்டுக்கு மேல விழுந்தாதான் அந்தாண்ட போவ முடியும்” என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“எனக்கே சொல்லிக்குடுக்குறியா?” நெல்லிக்காயை வீசினான். நான்கு.

“விழுந்துட்டான். பாறையில ரெண்டு எடத்துல மோதுறான். மொத மோதல்ல இடுப்பு போவுது. அடுத்ததுல மண்டை தேங்கா மாதிரி பொளந்துக்குது. கீழ போயி சேரும்போது ஆளு இல்ல.” யாருக்கும் சொல்லுகிற அதே குரலில்தான் சொன்னாள். திரைக்கு அடியிலிருந்து கை வந்தது. பெரிய வீரனை எடுத்துப் போனது. ஜாடி மூடுகிற சத்தம் கேட்டது.

கன்னியப்பன் சிரித்துவிட்டார். சுக்கூரும் சிரித்தான். “வந்ததும் தெரியல, போனதும் தெரியல” என்றான் ரியாஸ்.

“எழுப்பு அவன” என்றான் ஜகபர்.

“செத்தவன் எழுந்திரிக்க மாட்டான். எல்லாருக்கும் அதான் சட்டம்.”

“எழுப்புன்றேன்.”

“மாட்டேன்.”

கன்னியப்பன் வீட்டுக்குப் போகும்வரை பொறுத்திருந்தான். பிறகு உள்ளே போனான். பித்தளைக் கரண்டியின் காம்பால் முகத்தில் அடித்தான். அவள் கீழே விழுந்த பிறகும் கரண்டி நிற்கவில்லை. முன்கூடத்தில் சுக்கூர் தம்பியிடம், “ரேடியோவ வை” என்றான்.

மருந்து போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். வலது கண் மூடிக்கொண்டு நாவல்பழ நிறத்தில் இருந்தது. நான் மஞ்சள் பற்றுப் போடப் போட அவள் அழவே இல்லை. எதையோ கணக்குப் பண்ணுகிற மாதிரி ஒற்றைக் கண்ணால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளி ஆட்டம் போட்டாள். வீக்கம் வடியவில்லை. ஜகபர் அலி கூடத்து மூலையில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

“ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு புதுச் சட்டம்” என்றாள். “திரைக்கு இந்தாண்ட உக்காந்து கோட்டைய நடத்துறவ ஒடம்புல இன்னா காயம் இருக்குதோ, அதே காயம் உள்ள நிக்கிற எல்லா ஆளுக்கும் உண்டு. எனக்கு வலது கண்ணு தெரியல. உங்க ஆளுங்க மூணு பேருக்கும் வலது கண்ணு போச்சு. மூடிக்குங்க.”

“இன்னாது?” என்று சுக்கூர் நிமிர்ந்தான். “இது எந்தப் புக்குல இருக்குது?”

“எண்ணெய் ஊத்துறது எந்தப் புக்குல இருந்துது, பெரிய மச்சான்? நீங்க சொன்ன தொட நரம்பு எந்தப் புக்குல இருந்துது? இது வரைக்கும் நான் போட்ட சட்டத்துல ஆடுனீங்களா இல்லையா?”

மூன்று பேரும் வலது கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒற்றைக் கண் வீரர்களுக்குத் தூரம் தெரியாது என்று எண்ணைக் குறைத்தாள். அன்றைக்கு மின்னலின் கால் விரல்கள் போயின. சிங்கத்தின் விலா கிழிந்தது. ஆட்டம் முடிந்தபோது சுக்கூரின் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது.

மறுநாள் தம்பியைக் கடைக்குக் கூப்பிட்டான். ஆட்டுத் தலையைப் பொசுக்கிக்கொண்டே சொன்னான். “டேய் ஜகபரு. நீ இன்னா வேணா பண்ணிக்க, அது உன் பாடு. ஆனா வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி கை வெக்காத. அடிக்கணும்னா சனிக்கிழமை அடி. ஒரு வாரத்துல ஆறிடும்.”

ஜகபர் அலி விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து அவளிடமே சொன்னான். “உனக்கு நாள் குறிச்சிக் குடுத்துருக்குறான் எங்க அண்ணன்.” அவள் பதில் பேசாமல் மாவு பிசைந்தாள். பேசாததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. புதன்கிழமை, தண்ணீர் கொண்டுவரத் தாமதம் என்று அவள் வலது கையை வாசல் நிலையில் வைத்துக் கதவைச் சாத்தினான். மணிக்கட்டு போயிற்று.

வெள்ளிக்கிழமை மூன்று வீரர்களும் கல்யாண மகாலின் தெற்கு வாசலில் நின்றார்கள். சுற்றிலும் புளியங்கொட்டைப் படை. இரண்டு வருஷமாய் அவர்கள் தேடி வந்த இடம் அது. கமர் ஜஹான் கட்டுப் போட்ட கையைத் திரைக்கு அடியில் நீட்டிக் காட்டினாள்.

“வலது மணிக்கட்டு. மூணு பேரும் வாள கீழ போட்டாச்சு.”

“தங்கச்சி, வேணாம்மா. சுத்தி நிக்கிறானுங்கம்மா” என்றார் கன்னியப்பன்.

“எனக்கு மட்டும் வேணும்னா இருந்துதுண்ணே? உருட்டு.”

இடது கையால் உருட்டினார். இரண்டு. “ஈட்டி வயித்துல பூந்து முதுகுல வந்துது” என்றாள். மறுபடி உருட்டினார். ஐந்து. “முட்டி போட்டுட்டான். பின்னாலருந்து ஒருத்தன் முடியப் புடிச்சித் தலைய நிமித்துறான்.” மறுபடி. ஒன்று. அவள் குரல் தணிந்தது. “கழுத்து, அண்ணே.”

தாண்டவராயன் ஜாடிக்குள் போனான். அவ்வளவு பெரிய மனிதர், சம்மட்டி பிடிக்கிற கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். “எங்க நைனா ரெண்டாந்தபா செத்துட்டாரு பாய்” என்றார்.

சுக்கூர் எழுந்தான். மூலையில் பாயில் படுத்திருந்த தம்பியைச் சட்டையோடு தூக்கிச் சுவரில் மோதினான். முதல் குத்தில் மூக்கு உடைந்து ரத்தம் மீசையெல்லாம் வழிந்தது. ஜகபர் திருப்பி உதைத்தான். ரியாஸ் பாய்ந்து காலைக் கட்டிக்கொண்டான். கன்னியப்பன் அழுதுகொண்டே வந்து விலாவில் ஒன்று போட்டார். கல் உடைக்கிறவர் போட்ட ஒன்று. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் தெருவில் நின்ற எனக்கே கேட்டது. உருண்டார்கள். தண்ணீர்ப் பானை உடைந்தது. ரத்தமும் தண்ணீரும் கலந்து வாசற்படி வரை ஓடின.

ரோஷன் பீ தலையில் அடித்துக்கொண்டு நடுவில் வந்தாள். “அடப் பாவிகளா! அவன் பொண்டாட்டிய அவன் அடிச்சான். உங்களுக்கு இன்னாடா வந்துது?”

“நம்ம ஆள கொன்னுட்டான்மா!” என்று கத்தினான் சுக்கூர். “தாண்டவராயன கொன்னுட்டான். அடுத்து சிங்கம்தான்மா!”

திரைக்குப் பின்னால் கமர் ஜஹான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “எனக்காவ அடிக்கல அக்கா, எனக்குத் தெரியாதா? எதுக்காவ அடிச்சா இன்னா, அவன் மேல விழுந்துதா இல்லையா?”

ஜகபர் அலி விலாவில் கட்டோடு கிடந்தான். யோசித்துப் பார்த்ததில் அவனுக்கு ஒன்று விளங்கிவிட்டது. அண்ணன் தம்பிக்கு அவள் மேல் அக்கறை இல்லை. ஆட்டம் இருக்கிறவரைதான் அவளுக்குக் காவல். ஆட்டம் இல்லையென்றால் பழையபடி ரேடியோதான்.

வியாழக்கிழமை, மற்றவர்கள் கடைக்குப் போயிருந்தபோது, முற்றத்து அடுப்பு எரிந்துகொண்டிருக்க, பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தான். மண்ணெண்ணெயை ஊற்றினான். ராஜகிரி எரிந்தது. கல்யாண மகால் எரிந்தது. ஈய வீரர்கள் உருகி ஒன்றாய்ச் சேர்ந்தார்கள். புளியங்கொட்டைகள் பட்பட்டென்று வெடித்தன. கமர் ஜஹான் ஓடிவந்து நெல்லிக்காயை எடுக்க நெருப்புக்குள் நல்ல கையை விட்டாள். “எடு, நல்லா எடுத்துக்க” என்று அவன் செருப்புக் காலை அந்தக் கை மேல் வைத்து அழுத்தினான். கட்டுப் போட்ட கையால் அவன் காலைத் தள்ளினாள். அந்தக் கையும் வெந்தது. அவள் அலறல் கேட்டு நான் ஓடினபோது அவன் குனிந்து அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தான்: “நாளைக்கு வெள்ளிக்கிழம. பாக்கலாம், எவன் வந்து கேக்குறான்னு.”

மறுநாள் ஜும்மா முடிந்து மூன்று பேரும் வந்தார்கள். ஜகபர் அலி கூடத்தின் நடுவில், ஆட்டம் போடுகிற இடத்திலேயே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுக்கூர் முற்றத்துச் சாம்பலைக் காலால் கிளறிப் பார்த்தான். உருகின ஈயக்கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“அவ்ளோதான் போல” என்றான்.

ரியாஸ் சைக்கிள் சாவியை எடுத்தான். கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். ஜகபர் அலி கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான். அந்த மூன்று பேரும் வாசலைத் தாண்டினால் அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் யாரும் இல்லை.

திரை அசைந்தது. ஒரு முறம் வாசற்படிக்கு வந்தது. முறத்தில் சீத்தாப்பழக் கொட்டை மூன்று. சுற்றிலும் உளுந்து.

“கல்யாண மகால், தெக்கு வாசல்” என்றது குரல். “உளுந்தெல்லாம் பகைவன். பெரிய மச்சான், உங்க சிங்கத்துக்கு எடது காது இல்ல, விலா கிழிஞ்சிருக்குது, கேடயம் இருக்குது. ரியாசு, மின்னலுக்குக் கால் வெரல் இல்ல, சொவத்துல சாஞ்சி நிக்கிறான். கன்னியப்பண்ணே, தாண்டவராயனுக்கு ஒரு மவன் இருக்கான். பொணத்த எடுக்க வந்துருக்கான். பேரு நீங்களே வெய்ங்க.”

சுக்கூர் அசையவில்லை. “அதெல்லாம் எரிஞ்சிட்டுதும்மா.”

“அட்டதான் எரிஞ்சிது. கோட்ட எங்கிட்டதான இருக்குது?”

ரியாஸ் சாவியைக் கீழே வைத்தான். கன்னியப்பன் முறத்துக்கு முன்னால் சம்மணம் போட்டார். “பேரு பொன்னுசாமி” என்றார். கடைசியாக சுக்கூர் உட்கார்ந்தான். உருட்ட எதுவுமில்லை, புளியங்கொட்டையைக் குலுக்கி, வெள்ளை எத்தனை கறுப்பு எத்தனை என்று பார்க்கச் சொன்னாள்.

“அதுக்கு முன்னாடி காயம்” என்றாள். “எனக்கு ரெண்டு கையும் வெந்துருக்குது.”

திரைக்கு அடியிலிருந்து இரண்டு கைகளும் வெளியே வந்தன. வாழையிலையில் சுற்றியிருந்தேன். இலை விலகி, தோல் இல்லாத சதை தெரிந்தது. சுக்கூர் ஆயிரம் ஆட்டை உரித்தவன். அவன் முகம் மாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எப்படிம்மா வெந்துது?”

“அடுப்புல வெச்சி மிதிச்சாரு.”

சுக்கூர் எழுந்துபோய்த் தெருக்கதவைத் தாழிட்டான். “கன்னியப்பா, கால புடி. ரியாசு, வலது கை.” ஜகபர் அலி திமிறினான், கட்டுப் போட்ட விலாவில் கன்னியப்பனின் முட்டி ஏறியதும் ஓலமிட்டான். முற்றத்தில் சுக்கூர் வீட்டுக்கென்று வைத்திருந்த வெட்டுக்கட்டை ஒன்று உண்டு. அதன் மேல் தம்பியின் வலது கையை விரித்து வைத்தார்கள். சுக்கூர் கத்தியை எடுத்தான்.

“அண்ணே! அண்ணே, வேணாண்ணே!”

“இந்த எடத்துல மூட்டு இருக்குது. ஒரே போடு. எலும்பு நொறுங்காம வரும்” என்றான் சுக்கூர், கடையில் சொல்லுகிற மாதிரியே. கத்தி மேலே போனது. ரோஷன் பீ கண்ணை மூடிக்கொண்டாள். கத்தி இறங்கியது. கட்டைவிரலின் பக்கத்துத் தோலைச் சீவிக்கொண்டு கட்டைக்குள் பாதி இறங்கி நின்றது. ஜகபர் அலிக்குக் கைலி நனைந்துவிட்டது.

“அடுத்த தபா கட்டைல விழாது” என்றான் சுக்கூர்.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. “பெரிய மச்சான், உங்க ஆள ஈட்டியோட சுத்தி நிக்கிறானுங்க. வாங்க.”

அன்றைக்கு வீரர்கள் கைகள் வெந்தபடியே தோளால் முட்டி, பல்லால் கடித்து வாசலைப் பிடித்தார்கள். ஆடினவர்களும் கையால் தொடாமல் புளியங்கொட்டையை வாயால் கவ்விப் போட்டார்கள்.

கமர் ஜஹான் அதோடு விடவில்லை. அவளுக்குக் கணக்குத் தெரியும். மூன்று ஆண்களும் பகலில் கடைக்கும் குவாரிக்கும் போய்விடுகிறவர்கள். வீட்டில் எந்நேரமும் இருப்பது மாமியார்தான். கை ஆறிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, “மாமி, நீங்களும் ஒரு ஆளு எடுங்க” என்றாள்.

“அட போடி, எனக்கு இன்னாத்துக்கு அந்தச் சனியன்?”

“சும்மா ஒரு கை பாருங்க. கறுப்புக் கொட்ட, புதுசு.”

சின்னம்மா முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள். சுல்தான் என்று பெயர் வைத்தாள். இரண்டு வாரம் கழிந்ததும் அவளைப்போல் ஈவிரக்கம் இல்லாத ஆள் அந்தக் கூடத்திலேயே இல்லை. “இன்னாத்துக்குடா சிறை புடிக்கிறீங்க? மதில் மேலருந்து தள்ளுங்க. உசுரோட வுட்டா நாளைக்கு வருவான்” என்பாள். தஸ்பீஹைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் கொட்டையைக் குலுக்குவாள்.

ஜகபர் அலி ஒரு லாரியில் டிரைவராகச் சேர்ந்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருப்பான். திருந்தினான் என்று நான் சொல்லமாட்டேன்; அப்படித் திருந்துகிற ரத்தம் இல்லை எங்கள் குடும்பத்தில். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தான். சுக்கூர் கடையில், ரியாஸ் திண்டிவனத்தில். சோறு ஆறிப்போயிருந்தது. தட்டைத் தூக்கி எறிந்தான். கமர் ஜஹான் குனிந்து பொறுக்கினாள். அவன் எழுந்து அவள் கூந்தலைப் பிடித்துக்கொண்டு மற்ற கையை ஓங்கினான்.

ரோஷன் பீ அடுப்படிக்கு எதிரே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்தாள். உலக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“டேய், கைய எறக்கு. என் சுல்தான் கிருஷ்ணகிரில ஏணி மேல நிக்கிறான்.”

அவன் தாயைப் பார்த்தான். உலக்கையைப் பார்த்தான். சின்னம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கண் அவன் மணிக்கட்டின் மேலேயே இருந்தது. அவன் கூந்தலை விட்டான். சிதறிக் கிடந்த சோற்றைத் தானே கூட்டி அள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போய்க் கை கழுவினான்.